கூற்றுக்கு உரியவர் யார்?

அரபு மொழியில் 'அதப்' என்றொரு சொல் உண்டு. நம் வீடுகளில் அது 'அதபு' என வழங்கும். பெரியவர் முன் குரல் தாழ்த்திப் பேசுதல், பந்தியில் அடுத்திருப்பவர் இலையையும் நோக்கி உண்ணுதல், பிறர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருத்தல் ஆகிய யாவும் அதபு. அச்சொல்லுக்கே 'இலக்கியம்' என்ற பொருளும் உண்டு என்பதை முதுகலை பயின்ற நாளில்தான் அறிந்தேன். நன்னடத்தைக்கும் நல்லெழுத்துக்கும் ஒரே பெயரிட்ட அம்மொழியின் நுட்பத்தை எண்ணி வியந்தேன். நெடுநாள் அது வெறும் சொல்லாராய்ச்சியாகவே என்னிடம் தங்கியிருந்தது. கைப்பேசி வழியே எம் மாணாக்கர் எழுதிய ஒரு கதை அச்சொல்லை மீண்டும் எடுத்துப் பார்க்கச் செய்தது.

இன்றைய இளைஞரிடையே இணையத்தில் ஓர் எழுத்து விளையாட்டு பரவியுள்ளது. ஆங்கிலத்தில் 'ரோல்பிளே' என்பர். பாத்திரமேற்று எழுதுதல் எனலாம். ஒருவர் ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் பேச்சையும் செயலையும் சில வரிகளில் எழுதி அனுப்புகிறார். மற்றொருவர் தம் பாத்திரத்தின் வாயிலாக விடை எழுதுகிறார். இப்படியே கதை வளர்கிறது. முடிவு இன்னதென்று ஒருவரும் அறியார். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இதற்கு முன்னோடி. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இரு மாணவர் கணிப்பொறியில் எழுத்தாலேயே ஆடத்தக்க ஓர் உலகைப் படைத்தனர். அதன் வழித்தோன்றல்கள் இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கின்றன.

'வேலையற்ற விளையாட்டு' என்று இதனை ஒதுக்கும் பெரியவர் பலர். தமிழாசிரியர் எவரும் அங்ஙனம் ஒதுக்குதற்கில்லை என்பது என் கருத்து. ஏனெனில் நம் அக இலக்கியம் முழுவதும் பாத்திரமேற்று எழுதியதே. கபிலர் ஆண்மகன், அவர் தலைவியாக நின்று வருந்துகிறார், தோழியாக நின்று இடித்துரைக்கிறார். இப்பாடல்களைப் படிக்கும் நாம் 'இது யார் கூற்று?' என்று முதலில் கேட்கிறோமே தவிரக் கபிலர் வாழ்வில் நிகழ்ந்தது என்று கொள்வதில்லை. அப்பழக்கத்தை நமக்கு ஊட்டியவர் தொல்காப்பியர்.

செய்யுளியலில் அவர் கூறும் 34 உறுப்புகளை மாணாக்கர் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவர். அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 'கூற்று' என்பது பேசுவோர் இன்னார் என்னும் வரையறை. 'கேட்போர்' என்பது அப்பேச்சு யார் செவிக்கு உரியது என்பது. 'களன்' என்பது நிகழிடம். 'முன்னம்' என்பது இவ்விடத்தில் இச்சொல் இவர்க்கே உரியது என்று படிப்போர் குறிப்பால் உணரும்படி அமைத்தல். 'எச்சம்' என்பது சொல்லாது விடப்பட்டு, பின்னர்ச் சொல்லாலோ குறிப்பாலோ நிறைவுறுவது. களவில் இன்னார் பேசலாம், கற்பில் இன்னின்னார் பேசலாம் என்றும் வகுத்துள்ளார். ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோர்க்கு நேர்க்கூற்று இல்லை. அவர் சொன்னதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. அகத்தில் எவரையும் இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்பதும் அவர் விதி. இவற்றை யாப்பு விதிகள் என்று மட்டும் கொள்வது குறைவுடைத்து. பலர் கூடிப் பிறர் குரலில் பேசும் ஓர் அவைக்குரிய ஒழுக்க விதிகளும் இவையே. இவ்வகையில் செய்யுளியலை நம் பாடநூல்கள் அணுகாதது வியப்பே.

ஏட்டில் மட்டுமன்று, மேடையிலும் இம்மரபு வாழ்ந்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய 'வள்ளி திருமணம்' இன்றும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடக'மாக நடிக்கப்படுகிறது. அதில் நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் வருவர், ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தருக்கம் பெரும்பாலும் அவ்விடத்தே பிறப்பது. ஒருவர் மற்றவரை வாதத்தில் மடக்கலாம். ஆனால் மற்றவர் சொல்ல வேண்டியதைத் தாமே சொல்லிவிட்டால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

இசுலாமியத் தமிழிலும் வினா விடையாக அமைந்த 'மசலா' என்னும் இலக்கிய வகை உண்டு. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' அவற்றுள் முந்தியது. அப்துல்லா இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் விடையளிப்பதாக அமைந்தது அது. அங்கே புலவர் எடுத்துரைப்போராக நிற்கிறார். நபியின் வேடத்தைத் தாம் பூண்டு நிற்கவில்லை. நம் சமுதாயத்தில் இறைத்தூதர்களை எவரும் நடித்துக் காட்டுவதில்லை. எப்பாத்திரத்தை ஏற்கலாகாது என்று அறிதலும் இக்கலையின் ஒரு பகுதி என்பதனால் இதைச் சொல்கிறேன். இந்த வரையறை நம் மாணாக்கர்க்கு ஒருவரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

இனி, எம் மாணாக்கர் எழுதிய கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கினால் கல்லூரிகள் மூடப்பட்டன. பனியன் கம்பெனிகளும் மூடின. வகுப்புகள் கைப்பேசிக்கு வந்தன. பத்துப் பன்னிரண்டு மாணாக்கரைக் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்து, கூற்று முறையைப் பாடமாக அல்லாமல் பயிற்சியாகவே கற்பிக்கலாம் என்று எண்ணினேன். கதைக்குக் களன் வேண்டுமே! நொய்யல் நதி திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் வழியில், வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் பளிங்கு, சூதுபவளம், பெரில் முதலிய கற்களில் செய்த மணிகளும், அவை செய்யப்பட்ட தொழிற்கூடத் தடயங்களும், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பெரில் கல் காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைப்பது. ஆக, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இவ்வட்டாரம் கைவினையாலும் ஏற்றுமதியாலும் பிழைத்த வட்டாரமே. மாணாக்கர்க்கு அது உடனே பிடித்துப் போயிற்று.

மணி செய்யும் கம்மியர் ஒருவர், அவர் மகள், மேலைக் கடற்கரையிலிருந்து வரும் வணிகன், சாத்துக் காவலன், இரும்பு உருக்குவோன் என்று பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டனர். கம்மியர் மகளை ஏற்றவர் இரண்டாமாண்டு மாணவி ஒருவர். வணிகனை ஏற்றவர் மூன்றாமாண்டு மாணவர். அவரவர் பாத்திரத்தை மட்டுமே அவரவர் பேசவும் செய்யவும் வேண்டும் என்னும் விதியை முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தேன்.

மூன்று வாரம் கதை நன்றாகவே நடந்தது. பின்னர் ஓரிரவு வணிகனிடமிருந்து இவ்வாறு வந்தது: 'வணிகன் விலை சொன்னான். அவள் நாணிச் சிரித்தாள். கழுத்து மாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். உம்முடன் முசிறிக்கு வருகிறேன் என்றாள்.'

நான்கே வரிகள். அவற்றுள் வணிகனுக்கு உரியது முதல் வரி மட்டுமே. எஞ்சிய மூன்றும் இன்னொருவருடைய பாத்திரத்தின் சிரிப்பு, செயல், சொல். மறுநாள் அம்மாணவியிடமிருந்து எனக்குத் தனியே ஒரு செய்தி வந்தது. 'ஐயா, அது நான் எழுதியது அன்று.' அதன் பின் அவர் குழுவில் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய அத்தா என்னை அழைத்தார். அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். முப்பதாண்டு அனுபவம் உடையவர். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதைத் திறந்து பார்த்த தமையன், "இனிப் படிப்பு எதற்கு?" என்று கேட்டுவிட்டார். கைப்பேசி போனால் வகுப்பும் போகும் என்பது அன்றைய நிலை. தந்தைக்கும் தமையனுக்கும் தொல்காப்பியர் நேர்க்கூற்று வழங்கவில்லை. வாழ்க்கையில் அவர்களே முதலில் பேசுகிறார்கள்.

"சார், எம் புள்ள எழுதலீன்னு சொல்றா. ஆனா அவ சொன்னதாத்தான போன்ல இருக்குதுங்க?"

செய்தியின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்க்குமாறு சொன்னேன். அனுப்பியவர் வேறொருவர் என்பதை விளக்கினேன். அது ஒரு கதை என்பதையும், கதையில் வரும் பெண் அவர் மகள் அல்லள் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

"அப்ப அடுத்தவன் எழுதுனது எம் புள்ள பேசுனதா ஆயிருமுங்களா?"

"ஆகாதுங்க பாய்."

"ஊருக்கு அது தெரியுமா சார்?"

இக்கேள்விக்கு இலக்கணத்தில் விடை இல்லை. ஓர் ஆண்பிள்ளை வேடிக்கையாக எழுதும் மூன்று வரி ஒரு பெண்பிள்ளையின் மூன்றாண்டுப் படிப்பை நிறுத்திவிடக்கூடிய இடத்தில் நாம் வாழ்கிறோம். அவ்விடத்தைக் குறை கூறிக் கட்டுரை எழுதுவது எளிது. அது மாறும் வரை அப்பெண்ணுக்கு அருகில் எழுதுபவன் எப்படி எழுத வேண்டும் என்பதே என் முன் நின்ற வினா.

அம்மாணவரை அழைத்துப் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். கம்பெனி மீண்டும் திறந்து, அவர் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். "கதை நகரவே இல்லை ஐயா. அவர்கள் விடை எழுத ஒரு நாள் ஆகிறது. அதனால் நானே நகர்த்திவிட்டேன்" என்றார். தீய எண்ணத்தைக் காட்டிலும் அவசரமே இவ்விளையாட்டில் மிகுந்த கேடு செய்கிறது. காத்திருக்க இயலாதவர் மற்றவர் பாத்திரத்தையும் தாமே ஆட்டத் தொடங்குகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1990இல் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் தொடங்கிய 'லாம்டாமூ' என்னும் எழுத்துலகில் பல நாட்டினர் கூடி ஆடினர். 1993இல் அதில் ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் இழிசெயல்கள் புரிவதாகவும் அவற்றுக்கு உடன்படுவதாகவும் அவர்தம் இசைவின்றியே தோன்றச் செய்தார். எழுத்து மட்டுமே, எவர் மேனியிலும் கை படவில்லை. ஆயினும் அப்பாத்திரங்களுக்கு உரியவர் உண்மையாகவே நொந்தனர். ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் அந்நிகழ்ச்சியை அவ்வாண்டே ஒரு நீண்ட கட்டுரையாக்கினார். அவ்வுலகினர் கூடி விவாதித்தனர். குற்றம் செய்த பாத்திரம் நீக்கப்பட்டது. பின்னர் வாக்கெடுப்பால் முடிவு செய்யும் முறையும் ஏற்பட்டது. இன்று இவ்விளையாட்டில் எங்கும் முதல் விதியாகச் சொல்லப்படுவது, பிறர் பாத்திரத்தை நீ ஆட்டாதே என்பதே. நம்மவர் இதனைக் கூற்று வரையறை என்பர்.

குழுவில் இரண்டு சொற்களை மட்டும் மீண்டும் விளக்கினேன்: முன்னம், எச்சம். கம்மியர் மகள் முன்பின் அறியாத வணிகனிடம் இப்படிப் பேசுவாளா என்று கேட்டால், அவ்வரிகள் முன்னத்தில் தவறின. மற்றவர் எழுதுவதற்கு எதையும் மிச்சம் வைக்காமையால் எச்சத்திலும் தவறின. எச்சத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது கட்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு மாணவர், "தையலுக்கு ஓரம் விடுவது போலவா ஐயா?" என்று கேட்டார். அதனினும் சிறந்த உரை எனக்குத் தெரியாது. கட்டிங் மாஸ்டர் தையலுக்கென்று ஓரம் விட்டே வெட்டுவார். ஓரமின்றி வெட்டிய துணியை எத்துணை வல்ல டெய்லராலும் இணைக்க இயலாது. பனியன் ஒன்று நிட்டிங், சாயம், கட்டிங், தையல், கைமடி, செக்கிங், அயர்ன் என்று எத்தனையோ கைகள் கடந்து உருவாவது. ஒவ்வொரு கையும் அடுத்த கைக்கு இடம் விடுகிறது. இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கூட்டாக எழுதுதல் எளிதில் வர வேண்டும்.

பிற பழக்கங்கள் தாமாகவே ஏற்பட்டன. எழுதுபவர் அறிந்ததெல்லாம் பாத்திரம் அறிந்ததாகாது என்பது அவற்றுள் ஒன்று. காவலன் மணிமூட்டையைப் புதைத்த இடத்தைக் குழுவினர் எல்லாரும் படித்திருந்தனர். உடனே இரும்பு உருக்குவோன் அங்கே தோண்டத் தொடங்கினான்! அகப்பாடலில் தோழி களவை எடுத்த எடுப்பில் அறிவதில்லை. தலைவியின் கண்ணிலும் மேனியிலும் குறிப்புக் கண்டு மெல்ல மெல்ல உணர்கிறாள். அவ்வுணர்தலே பாட்டாகிறது. பாத்திரத்தின் பேச்சையும் எழுதுபவரின் சொந்தப் பேச்சையும் கலவாதிருக்கச் சொந்தப் பேச்சை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்று முடிவு செய்தோம். 'நாளை ஒன்றரை ஷிப்ட், இரவு எழுதுகிறேன்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வந்தால் போதும், எவரும் பொறுமையிழப்பதில்லை. மனத்துக்கு ஒவ்வாத திசையில் கதை செல்லுமானால் அடைப்புக்குறிக்குள் 'வேண்டா' என்று எழுதலாம், காரணம் கேட்கப்படாது. இவ்விதி எங்கள் குழுவின் தலையாய விதி என்பேன்.

மொழிநடையைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. வாசிப்பவர் எழுத்துக் கூட்டிப் பொருள் தேட வேண்டியிருக்கும்போது பாத்திரத்தின் குரல் காதில் விழுவதில்லை. ஒருமுறை கொடுமணத்துக் கம்மியர் 'ஓகே' என்று சொன்னார். அன்று குழுவே சிரித்தது. எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னேன். எழுவாய் இல்லாமல் 'சிரித்தாள், கொடுத்தாள்' என்று எழுதினால் எவள் என்று தெரியாமற் போகிறது. பாத்திரம் பலவாகக் கூடும் எழுத்தில் அது சிறு பிழையன்று. மற்றவர் இரண்டு வரி எழுதும் இடத்தில் இருபது வரி எழுதுவதும், இருபது வரி எழுதியவர்க்கு 'சரி' என்று ஒரு சொல் விடுப்பதும் அதபு ஆகா.

அம்மாணவி உடனே திரும்பி வரவில்லை. குழுவில் எழுதப்பட்ட அனைத்தையும் அவர் அத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். மணியில் துளையிடும் வேலையை மகள் எழுதியிருந்த பகுதியை இருமுறை படிக்கச் சொன்னாராம். பிறகு என்னிடம் பேசினார். "அவ பேச்ச அவளே எழுதட்டுங்க சார். வேற யாரும் எழுத வேண்டாம்" என்றார். தமையன் அதற்கு இணங்கினாரா என்பதை நான் கேட்கவில்லை. கைப்பேசி வீட்டில் தங்கியது.

வணிகனை ஏற்ற மாணவர் தம் நான்கு வரிகளைத் திரும்பப் பெற்றார். கம்மியர் மகளாக எழுதுபவரிடம் குழுவினர் அனைவரும் காண அடைப்புக்குறிக்குள் வருத்தம் தெரிவித்தார். பின்னர் அதே காட்சியை மீண்டும் எழுதினார்: 'வணிகன் இரண்டு காசுகளைத் திண்ணை விளிம்பில் வைத்தான். போதாது என்றால் சொல்லலாம் என்பது போல, மடியில் செருகிய பையிலிருந்து கையை எடுக்காமலே நின்றான்.'

அவ்வளவுதான். அவள் சிரித்தாளா, சினந்தாளா என்று எழுதவில்லை. ஒன்றரை நாள் குழுவில் எவரும் எழுதவில்லை. பிறகு அம்மாணவியிடமிருந்து விடை வந்தது: 'அவள் காசைப் பார்க்கவில்லை. கோத்து வைத்திருந்த மாலையில் ஒரு மணியை மட்டும் தனியே நகர்த்திக் காட்டினாள். இதில் கீறல் இருக்கிறது, இதைக் கழித்து விலை சொல்லுங்கள் என்றாள்.'

தன் சரக்கின் குறையைத் தானே காட்டும் பெண்ணை அந்த வணிகனும் எதிர்பார்க்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. விடை எழுத வேண்டிய மாணவர் அன்று செக்கிங் மேசையில் ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டிருந்தார். இரவு பத்தரை மணிக்கு எழுதினார்: 'வணிகன் அந்த மணியை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தான்.'